பச்சைப் பூசணம் பூத்த எரு

செஞ்சியில் மீனம்பாள் குத்தகை நிலத்தில் திராட்சை நாற்றங்கால் போட்டாள். முதல் ஆண்டு நட்ட தண்டுகள் எல்லாம் வேர் அழுகிச் செத்தன. காலனிப் பெண் தொட்டால் கொடி துளிர்க்குமா என்று கடைத்தெரு பேசியது. தொட்ட கை எந்தச் சாதி என்று மண் விசாரிக்குமா? பேசியவர்களில் ஒருவர்கூட ஒரு செத்த வேரைப் பிடுங்கிப் பார்க்கவில்லை.

மீனம்பாள் பிடுங்கினாள். வேரைப் பையில் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறி வேளாண் கல்லூரிக்குப் போனாள். வேரைத் தின்பது மண்ணில் இருக்கும் ஒரு பூசணம், அதையே தின்னும் நல்ல பூசணமும் உண்டு என்றார்கள்.

"பூசணத்தத் திங்கிற பூசணமா!" என்று அங்கேயே கைகொட்டிச் சிரித்தாள்.

அங்கிருந்து வாங்கி வந்த நல்ல பூசணத் தூளை எருவில் கலந்து, ஈரச் சாக்கால் மூடினாள். சில நாளில் எரு பச்சைப் பசேல் என்று பூத்தது. அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

கன்றுப் பைகளில் மண்ணும் எருவும் நிரப்பி வந்த கணவன் பெரியதம்பிக்கோ, அந்தப் பச்சையைப் பார்க்கப் பார்க்கப் பகீரென்றது. கடைசி வரிசைக்கு எருவே போடாமல், மிச்சத்தை வேலிக்கு அப்பால் கொட்டிவிட்டான்.

"பூசணம் புடிச்சத யாராவது கன்னுக்கு வெப்பாங்களா?"

"அடப்பாவி மனுசா! அதுதான்யா மருந்தே!"

அதற்குள் தண்டுகளை நட்டாகிவிட்டது. அந்த வரிசையை அப்படியே விட்டாள்.

பனமலைப் பக்கம் புதுத் தோட்டம் போடும் அப்துல் சுக்கூர் கன்று பார்க்க வந்தார். அவர் வாங்காவிட்டால் நிலத்தைத் திருப்பிக் கேட்பேன் என்று உரிமையாளர் சொல்லியிருந்தார். பெரியதம்பி கடைசி வரிசையை மறைத்து நின்றான். மீனம்பாள் அவனை இழுத்து விட்டாள்.

"மொதல்ல இத புடுங்குங்க பாய்."

பழுப்பு வேர் அவர் கையோடு உரிந்து வந்தது. "இன்னாம்மா, போன வருசக் கதையேதானா?"

"இப்ப பக்கத்து வரிச!"

வெள்ளை வெளேரென்ற வேர்கள் மண்ணை இறுக்கிப் பிடித்திருந்தன. இன்னொன்று பிடுங்கினார். அதுவும் அப்படியே. வெள்ளை லுங்கியை மறந்து சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"அதே தண்டா?"

"அதே தண்டு, அதே தண்ணி, ரெண்டுக்கும் என் கைதான். இவரு வீசினாரே பூசணம், அது மட்டும் அந்த வரிசையில இல்ல."

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "பெரியதம்பி, நல்ல காரியம் பண்ணியேப்பா! நீ கொட்டலேன்னா நான் நம்பியிருக்க மாட்டேன். வண்டியில ஏத்துங்க!"

கடைசி வரிசை தவிர எல்லாம் ஏறின. நில உரிமையாளர் சாலையிலிருந்தே, "மீனம்பா, அடுத்த வருசமும் நீயே பாத்துக்கோ" என்று கத்தினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த எருக் குவியலுக்குச் சாக்கு நனைத்துக்கொண்டிருந்தாள்.