நிற்காத சுருதி

அன்று இருந்தவர்கள் நான், என் மனைவி, மச்சான், ஊருக்குத் திரும்பவிருந்த ஒரு பிரெஞ்சுக்காரர். அவர் ஹோட்டலில் சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவி வாசித்தவர். விமானத்தில் சுமை கூடும் என்று, பிளேன் மாக்னியன் ஊரில் தன் வீட்டில் அதைப் பாகம் பாகமாக விற்றார். பேச்செல்லாம் எங்கள் தீவின் கிரியோல் மொழியில்தான்.

காவடி விரதத்தில் கோயிலில் பாட எங்களுக்குச் சுருதி வேண்டும். பழைய சுருதிப்பெட்டியின் துருத்தி கிழிந்துவிட்டது. கோயிலில் திரட்டியது இரண்டாயிரம் ரூபாய்.

மின்சாரம் தரும் பெட்டி நானூறு. ஓசை எழுப்பும் பாகம் எண்ணூறு. இரண்டையும் இணைத்ததும் கொசு போலக் கத்தியது. நிற்கவே இல்லை.

“ஆயோ, உங்க அக்கா மாதிரி” என்றாள் மனைவி.

பிரெஞ்சுக்காரர் ஓசையை நிறுத்தும் பாகத்தை எடுத்தார். அது அறுநூறு. “இது இல்லாம எப்படி வாசிப்பீங்க?”

ஓசையைக் குழைக்கும் பாகம் ஐந்நூறு. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும்.

“நிக்கவே கூடாது, மிசியே. நாங்க மூச்சு வாங்கும்போதும் அது பாடணும்” என்றான் மச்சான்.

குழைக்கும் பாகத்தைப் பொருத்திக் குமிழைத் திருகினேன். கொசு அடங்கிச் சுருதி வந்தது. மச்சான் அதோடு சேர்ந்து மெல்லப் பாடிப் பார்த்தான். பிரெஞ்சுக்காரர் சிரித்தார். மனைவி பணத்தை எண்ணிக் கொடுத்தாள்.

ஆயிரத்து எழுநூறு.