பேய் பாரில் மாப்பிள்ளை பார்த்தார்கள்

காலை ஒன்பது மணிக்குச் சேந்தமங்கலத்தில் பஸ் ஏறினேன். கொல்லிமலைக்குப் போகிறவர்கள் அருவியில் குளிக்கப் போவார்கள், கோயிலுக்குப் போவார்கள். நான் போனது ஒரு பாருக்கு. வெள்ளைக்காரத் துரை ஒருவர் காப்பித் தோட்டத்துக்காகக் கட்டிய பங்களா இப்போது லாட்ஜாகிவிட்டது, கீழே பார் நடக்கிறது, மாடியில் துரையின் ஆவி இருக்கிறது என்று ஈரோட்டு நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். ஆவியைப் பார்க்க ஆசைதான். ஆனால் பகலிலேயே பார்த்துவிட்டு இறங்கிவிட வேண்டும்.

போகும் இடத்தைச் சொன்னதும், “துரை பங்களாவுங்களா?” என்று கண்டக்டர் சிரித்தார். “செம்மேட்டுல எறங்கி ரெண்டு கிலோமீட்டர் நடங்க. போறவங்க நல்லாத்தான் போறாங்க. திரும்பி வாரப்பத்தான் நாங்க கையப் புடிச்சு ஏத்தோணும்.”

“அவ்வளவு பயந்துபோயா வருகிறார்கள்?”

“பயமில்லீங்க, போதை.”

காரவள்ளியில் வளைவுகள் தொடங்கின. மொத்தம் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். முப்பது வரை எண்ணினேன். அதற்குப் பிறகு கம்பியைப் பிடித்துக்கொள்வதே முழுநேர வேலையாகிவிட்டது.

செம்மேட்டிலிருந்து மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே நடந்தேன். பதினொன்றரைக்குப் பங்களா தெரிந்தது. கருங்கல் சுவர், ஓட்டுக்கூரை, முன்னால் அகலமான வராந்தா. வராந்தாவில் நாலு மேசை போட்டிருந்தார்கள். முதலாளி தங்கவேல் வெள்ளை வேட்டியில் எதிரே வந்தார்.

“கீழ உக்காந்தா சாதா ரேட்டுங்க. மாடின்னா அம்பது ரூவா கூட.”

“மாடியில் என்ன விசேஷம்?”

“துரை இருக்காருங்களே!”

ஐம்பது ரூபாயை மிச்சப்படுத்தி வராந்தாவிலேயே உட்கார்ந்தேன். ஒரு பீரும் மிளகுக் கோழி வறுவலும் சொன்னேன். கொண்டுவந்த பழனிக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். தட்டை வைத்தவன் நகராமல் நின்றான்.

“ஏனுங்க, பத்திரிகையில எழுதறவருங்களா?”

“ஏதோ எழுதுவேன்.”

“பேயி இல்லீன்னு எழுதிப்போடுங்க சார்! பேய் ஊட்டுல வேலை பாக்கறவனுக்குப் பொண்ணு தர மாட்டோமுன்னு மூணு எடத்துல சொல்லிட்டாங்க. இன்னிக்கு இந்த மலையிலயே ஆலத்தூர் நாட்டுல இருந்து பொண்ணு ஊட்டுக்காரங்க நேர்லயே பாக்க வாராங்க.”

அவன் உள்ளே போனதும் முதலாளி வந்து காதருகே குனிந்தார். “நல்ல பயம்மா எழுதுங்க. சீசன் வருது.”

பன்னிரண்டு மணிக்கு அவர்கள் வந்தார்கள். மரவள்ளி விவசாயி சடையன், அவர் மகள் மல்லிகா. பாருக்குப் பெண் வந்ததும், குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கிளாஸை மேசைக்கடியில் மறைத்தார்கள். சடையன் சுற்றிலும் பார்த்தார், சட்டை கசங்காமல் இருந்த ஒரே ஆள் நான்தான் என்று நினைத்தாரோ என்னவோ, நேரே என்னிடம் வந்தார்.

“நீங்க வெளியூருங்க. ஒளிக்காம சொல்லுங்க. இங்க பேயி இருக்குதுங்களா?”

அவர் முதுகுக்குப் பின்னால் முதலாளி, இருக்கிறது என்று தலையை ஆட்டினார். அவருக்குப் பக்கத்தில் பழனி, இல்லை என்று கும்பிடு போட்டான். ஒருவர் பிழைப்பு, ஒருவன் கல்யாணம். நான் வாயைத் திறந்தேன்.

அந்த நேரம் பார்த்து, மாடியில் நாற்காலியை யாரோ இழுக்கும் சத்தம் கேட்டது.

“மேல யாரு?” என்றார் சடையன்.

“ஒருத்தரும் இல்லீங்க,” என்றார் முதலாளி. அவர் முகமும் வெளுத்திருந்தது. பேயை வைத்து வியாபாரம் செய்தவர் அதை அன்றுவரை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. என் பீர் என் வேட்டியில் இருந்தது.

மல்லிகா யாரையும் கேட்கவில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மரப்படியில் ஏறினாள். “கண்ணு, வேண்டாஞ்சாமி!” என்று சடையன் கூப்பிட்டார், ஆனால் படியருகே போகவில்லை. நாங்களும்தான் போகவில்லை. பழனி மட்டும் அழுகிற முகத்துடன் இரண்டு படி ஏறினான். அதற்குள் அவள் இறங்கி வந்துவிட்டாள்.

“ஆருமில்ல. சேர் ஒண்ணு கவுந்து கெடந்துச்சு. நிமித்தி வெச்சேன். ஒரே ஒட்டடை.”

பிறகு, இரண்டாம் படியில் நின்ற பழனியைப் பார்த்தாள்.

“பேயி இருந்தா இருந்துட்டுப் போவுது. நீங்க குடிப்பீங்களா?”

பாரில் அதுவரை யாரும் யாரையும் கேட்டிராத கேள்வி. குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் கிளாஸை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்கள்.

“இல்லீங்க. அந்த நாத்தமே ஆகாதுங்க. ஊட்டுக்குப் போயி குளிச்சாத்தான் சோறு எறங்கும்.”

“எப்ப போவீங்க?”

“ஆறு மணிக்குச் சாத்திருவோமுங்க. பேயிக்குப் பயந்து, இருட்டுனா ரூம் எடுத்தவங்ககூட இங்க நிக்க மாட்டாங்க.”

அவள் அப்பாவைப் பார்த்துச் சரி என்று தலையசைத்தாள். முதலாளி எல்லோருக்கும் காப்பி வரவழைத்தார். அந்தப் பாரில் காப்பியும் கிடைக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இரண்டரை மணிக்குச் செம்மேடு வரைக்கும் அவர்களோடு நடந்தேன். சடையனுக்கு மனசு ஆறவில்லை. “ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டுச்சே, கண்ணு?”

“கேக்கட்டுங்கப்பா. பேயி இருக்கறவரைக்கும் பொழுதோட ஊடு வந்துருவாரு,” என்றாள் மல்லிகா.

கீழே இறங்கும் பஸ்ஸில் என் ஊரை நினைத்துக்கொண்டேன். ஈரோட்டில் பார்களுக்குக் குறைவில்லை. ராத்திரி அடைக்கிறவரை ஆண்கள் எழுந்திருக்க மாட்டார்கள், வீட்டில் சோறு ஆறிக் கிடக்கும். பாருக்கு ஒரு துரை வீதம் அனுப்பிவைத்தால் எத்தனை பெண்கள் கும்பிடுவார்கள்!