கடல் தெரியாதவர்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருந்தேன். கைத்தொலைபேசி கேட்டது: ‘இந்த இடத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததைப் பகிருங்கள்.’ அதைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டேன். நான் பகிர்ந்தது போதும்.

டீசல் புகை மணத்தால் ஊர்காவற்றுறை அலுவலகம் நினைவுக்கு வந்தது. அது சண்டைக்கு இடையில் வந்த சமாதான காலம். ஒரு பெரிய நிவாரண நிறுவனத்தின் தீவுக் கிளையில் நான் நிர்வாக உத்தியோகத்தர். சுற்றறிக்கைகளை இலக்கத்தோடு ஒப்புவிப்பேன். வீட்டில் அதற்கு மதிப்பில்லை. கொழும்புத் தலைமையகம் ஓர் இணையத்தளம் திறந்தது. எந்தக் கிளையில் யாருக்கு என்ன தெரியும் என்று படத்தோடு ஏற்றவேண்டும். அறிவு ஒருவர் தலைக்குள் பூட்டிக் கிடக்கக்கூடாதாம். எங்கள் தொலைபேசிக் கம்பியில் ஒரு படம் ஏறி முடியமுன் தேநீர் ஆறிவிடும்.

எங்கள் படகோட்டி மெலிஞ்சிமுனை மரியதாஸ். அவரைப் பற்றி நான்தான் எழுதினேன்: ‘விளக்கில்லாமலே நெடுந்தீவுக்குப் போவார். பெரிய படகுகள் நுழையாத வழிகளெல்லாம் அத்துப்படி.’ தலைமையகம் பாராட்டி நட்சத்திரம் போட்டது. மரியதாஸ் மனைவியைக் கூட்டிவந்து அதிலிருந்த தன் படத்தைக் காட்டினார்.

“பாரப்பா, சிரிக்கிறன்.”

“வீட்டில ஒருக்காலும் இப்பிடிச் சிரிச்சதில்லை” என்றார் மனைவி.

பிறகு சண்டை திரும்பியது. கடல் வழி தெரிந்தவன் யார் என்று எல்லாத் தரப்பும் தேடிய காலம். ஒருநாள் மரியதாஸ் வந்தார். கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை.

“சேர், அந்தப் பக்கத்தை அழிச்சுவிடுங்கோ.”

“அது எங்கட ஆக்கள் மட்டும் பாக்கிறது, தாஸ்.”

“எங்கட ஆக்கள் எத்தினை பேர், சேர்?”

கணினியைத் திறந்தேன்.

நீக்குவதற்கும் தளத்தில் ஒழுங்குமுறை இருந்தது. காரணம் தெரிவுசெய்ய வேண்டும்: பழையது, இரட்டிப்பு, பிழையான தகவல். பயம் என்றொரு பெட்டி இல்லை. ‘பிழையான தகவல்’ என்று தெரிவுசெய்தேன். விளக்கம் கேட்டது. ‘இவருக்குக் கடல் வழிகள் தெரியாது’ என்று எழுதினேன். படமும் பாராட்டும் போயின. அந்த விளக்கம் மட்டும் அவர் பெயரின் கீழ் நின்றது. வாசித்துக் காட்டினேன்.

“எனக்குக் கடல் பழக்கின அப்பு இதைக் கேட்டால் சவக்காலையிலயிருந்து எழும்பி வருவார்” என்று சிரித்தார். அது படத்திலிருந்த சிரிப்பல்ல.

போர் முடிந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். சண்டையில் படகை நிறுத்தியிருந்த நிறுவனம் மீண்டும் படகோட்டிகளைத் தேடியது. மரியதாஸும் போயிருக்கிறார். நேர்முகத்தில் புது அதிகாரி கணினியைப் பார்த்துக் கேட்டாராம்: “உமக்குக் கடல் தெரியாதாமே?”

“ஓம் சேர், தெரியாது” என்றிருக்கிறார் மரியதாஸ்.

சந்தையில் கண்டபோது கோபித்தேன். “ஏனப்பா உண்மையைச் சொல்லேல்லை?”

“தெரியுமெண்டால், அப்ப ஏன் மறைச்சனீர் எண்டு கேப்பினம். நீங்கள் எழுதினது எழுதினதாக் கிடக்கட்டும், சேர்.”

கொழும்புக்கு எழுதினேன், உரிய வழியாக. பழைய தளத்தில் திருத்தம் ஏலாது, விரைவில் மூடப்படும் என்று பதில் வந்தது. மூடிவிட்டார்கள். என் பாராட்டும் இல்லை, என் பொய்யும் இல்லை. பொய் தன் வேலையை முடித்துவிட்டுப் போயிற்று.

இப்போது படகுகள் எல்லாம் ஒரே வழியால் போகின்றன. மரியதாஸ் மகளோடு கனடாவில் இருக்கிறார். கடல் இல்லாத ஊராம். அங்கே அவரிடம் யாரும் வழி கேட்பதில்லை.