மதி நடந்த கடற்கரை

நேற்று பாபநாசத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது பக்கத்தில் ஒரு லோடு வண்டி வந்து நின்றது. நனைந்த தார்ப்பாய் வாடை குப்பென்று அடித்தது. உங்களுக்கு அது வெறும் நாற்றம். எனக்கு மதியழகன் ஞாபகம் வந்து, மழை விட்ட பிறகும் அங்கேயே நின்றேன்.

அப்போது நான் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். மதி தன் சின்ன லோடு வண்டியில் நெல் மூட்டை கொண்டுவருவான். ஒரே வயது, ஒரே டீக்கடை, சிநேகிதத்துக்கு வேறென்ன வேண்டும்? ஒருநாள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்: "நம்ம வயலுக்குப் பாயிற தண்ணி கடைசியில கடல்லதானே போயி விழுது? அந்தக் கடக்கரைய நடந்தே பாக்கணும்டா. நாகப்பட்டினத்துலேந்து கோடியக்கரை வரைக்கும்."

எனக்குக் கடல் என்றால் வேளாங்கண்ணியில் முழங்கால் நனைத்ததோடு சரி. இருந்தாலும் தலையாட்டினேன்.

சம்பா கொள்முதல் முடிந்த மாசியில் கிளம்பினோம். வண்டிதான் வீடு. பின்பக்கம் மூங்கில் வளைத்துத் தார்ப்பாய் போர்த்தி, வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்தோம். ஒருவர் கரையோரம் நடப்பது, மற்றவர் வண்டியை அடுத்த ஊருக்கு ஓட்டிப்போய்ச் சோறாக்கி வைப்பது, மறுநாள் மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. இதன்படி இரண்டு பேரும் சேர்ந்து ஒரு அடிகூட நடக்க முடியாது என்பது எங்கள் இரண்டு மண்டைக்கும் உறைக்கவில்லை.

முதல் நாள் மதி நடந்தான். பொழுது சாய்ந்த பிறகுதான் வந்து சேர்ந்தான். உதடு வெளுத்திருந்தது. "மணல்ல காலு பொதையுதுடா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டான். பழக்க தோஷம், நெல் லோடுக்குக் கட்டுவதுபோலவே தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டியிருந்தேன். விடிவதற்குள் உள்ளே அவிந்துபோனோம். மீன் கூடையோடு போன ஒரு அம்மா சிரித்துவிட்டார்.

"கடக்காத்து வாங்க வந்துட்டு, ஏன் தம்பி இப்புடிப் பொட்டணம் கட்டிக்கிட்டுப் படுத்திருக்கீங்க?"

இரண்டாம் நாள் என் முறை. மூன்றாம் நாள் அவன் நடக்க வேண்டும். "நீயே நடடா. கிளட்ச்சு ஒரு மாதிரி இருக்கு, ஒனக்கு ஓட்ட வராது" என்றான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கூப்புட்டவன் நீ. சோம்பேறிப் பயலே, இதுக்கு வீட்லயே படுத்துக் கெடந்திருக்கலாமே" என்று நாலு பேர் பார்க்கக் கத்தினேன். "ஆமாடா, சோம்பேறிதான்" என்று சிரித்தான்.

மிச்சக் கரை முழுவதும் நான்தான் நடந்தேன். ஒவ்வொரு ஊரிலும் மணல் விளிம்பில் நீராகாரச் சொம்போடு காத்திருப்பான். "எப்புடிடா இருந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லு" என்பான். நண்டு வளை, நாரைக் கூட்டம், கரை ஒதுங்கிய ஆமை எல்லாவற்றையும் கேட்பான். நான் கடுகடுவென்று பாதியைத்தான் சொன்னேன்.

அடுத்த ஆடிக்குள் மதி போய்விட்டான். இருதயக் கோளாறு. நாங்கள் கிளம்புவதற்கு முன்பே டாக்டர் கைவிரித்திருந்தாராம். துக்கம் கேட்கப் போனபோது அவன் மனைவி என்னைத் தனியாக அழைத்தார்.

"தடுத்தும் கேக்காம ஒங்களோட கெளம்பி வந்தாருண்ணே. நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குற மனுசன், கோடியக்கரை வரைக்கும் நானே நடந்தேன்னு புள்ளைங்ககிட்ட சொன்னாரு. நண்டு, நாரையெல்லாம் சொன்னாரு. நெசமாண்ணே?"

"நெசந்தாம்மா. அவன்தான் நடந்தான். நான் வண்டிய ஓட்டிக்கிட்டுப் போனேன்."

இதுவரை யாரிடமும் மாற்றிச் சொன்னதில்லை. அந்தக் கரையில் பாதி இன்று இறால் பண்ணை வேலிக்குள் இருக்கிறது. அவன் மகன் எங்கே பார்த்தாலும், "எங்கப்பா எப்புடி நடந்தாரு, சொல்லுங்க மாமா" என்பான். சொல்வேன். அன்று கடுகடுவென்று விழுங்கிய மிச்சப் பாதியையும் சேர்த்தே சொல்வேன். கேட்க வேண்டியவன்தான் இல்லை.