கதவோரத்து போர்டு

காரைக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலைக்கு நல்ல குரலும் கொஞ்சம் இங்கிலீஷும் போதும் என்றுதான் கான்வென்டில் சொல்லி அனுப்பினார்கள். மாற்று ஆள் வரும்வரை எழுந்திருக்கவே கூடாது என்பதை யாரும் சொல்லவில்லை. பிரசவத்தில் கிழிந்து, ஆபரேஷன் முடிந்து, தும்மினாலும் சிரித்தாலும் சிறுநீர் கசிகிற என் போன்ற தாய்மார்களே, அது என்ன பாடு என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்! நான் இன்னும் தற்காலிகம்தான். தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். போகமாட்டேன் என்ற வீம்பு ஒரு பக்கம்.

கண்டாங்கி

பழைய வேட்டியைக் கிழித்து மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, மேலே கெட்டியான அரக்குக் கண்டாங்கிச் சேலை. நனைந்தாலும் தெரியாது என்று தினமும் அதுதான். பக்கத்து போர்டில் லைன் இணைக்கிற மங்கை மூன்று பிள்ளை பெற்றவள், வாய்க்காரி. "ஏத்தா, கான்வென்டுல படிச்ச புள்ள நைலக்ஸ் சேலையில மினுக்குவேன்னு பாத்தா, எங்க அம்மாச்சி கணக்கா வந்து நிக்கிறியே!"

பயிற்சி

சிறுநீரை அடக்குவதுபோல இறுக்கிப் பிடித்து மெதுவாக விடச் சொன்னார் டாக்டரம்மா. வீட்டில் கைக்குழந்தை அதற்கு விடுமா? அதனால் எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டிருக்கும்வரை இறுக்குவது, ‘ஹலோ’ கேட்டதும் விடுவது என்று வைத்துக்கொண்டேன். மங்கை என் முகத்தையே பார்த்தாள்.

"மெட்ராஸுல மணி அடிச்சா நீ ஏன்டி மூச்சைப் பிடிக்கிறே?"

ஆச்சியின் ட்ரங்க் கால்

கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர் மெட்ராஸில் இருக்கிற மகனோடு பேசிக்கொண்டிருந்தார். ஒரே இரைச்சல். "கேக்கலையாம்ல! வாசப்பக்கம் மொகப்புக்குப் போயிக் கத்தட்டா? மெட்ராஸ் அங்குட்டுத்தானே இருக்கு?" என்று என்னைக் கேட்டார். சிரித்துவிட்டேன். துணி தாங்கவில்லை, பிரம்பு நாற்காலி வழியே தரையில் சொட்டியது. ஹெட்போனை உருவிக்கொண்டு ஓடிய அவசரத்தில் லைனையும் பிடுங்கிவிட்டேன். திரும்பி வந்தால் ஆச்சி மறுபடியும் லைனில்.

"மூச்சு விடுறதுக்குள்ள அத்துவிட்டுட்டீகளே! ஒங்க ஆபீசரைக் கூப்பிடுங்க!"

சூபர்வைசர்

ஏன் எழுந்து ஓடினேன் என்று சூபர்வைசர் கேட்டார். மயக்கம் என்று சொல்லியிருக்கலாம். தினமும் மயங்க முடியுமா? நின்றபடியே சொன்னேன்: "ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்குச் சிறுநீர் நிக்கிறதில்லை சார். நடுவுல எழுந்து போகணும். வேலையை விடமாட்டேன்." அவர் காது சிவந்துவிட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, "கதவோரத்து போர்டுக்கு மாறிக்கங்கம்மா. நீங்க போறப்ப மங்கை பாத்துக்கிடட்டும்" என்றார்.

மங்கை திரும்பாமலே குரல் கொடுத்தாள். "அப்ப அங்குட்டு ரெண்டு நாற்காலியாப் போடச் சொல்லுங்க சார், மூணாவது பிள்ளையிலேருந்து எனக்கும் அதே கதைதான்."

இப்போது மெட்ராஸில் மணி அடிக்கும்போதெல்லாம், காரைக்குடியில் இரண்டு பேர் மூச்சைப் பிடிக்கிறோம்.