பால் காய்ச்சிய தரை

பதினோரு அடி. இந்த அளவை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். எதன் அளவு என்று பிறகு சொல்கிறேன்.

அங்கம்மா கடல் தாண்டிப் போய், கூலாய் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பாலுக்காக மரம் வெட்டியவள். ஊர்வலத்தில் நடந்தவள் அல்ல, மேடை ஏறியவளும் அல்ல. அவளுக்குச் சிலை வைக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஒரு வீட்டுக்காக அவள் பட்ட பாட்டை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், மூன்று பிள்ளைகள் பெற்றாள். மூத்தவள் ராஜம்மா பிழைத்தாள். அடுத்த இரண்டும் போயின. பெற்ற உடம்பு ஆறுமுன்னே விடியற்காலை மணிச் சத்தத்துக்கு எழுந்து பெரட்டில், அதாவது பேர் கூப்பிடும் வரிசையில், வந்து நிற்க வேண்டும். நிற்காதவளுக்கு அன்று வேலை இல்லை. பிள்ளை லயத்தில் கிடந்து கத்தும். தாய் பால் கட்டிய மார்போடு ரப்பர் மரத்தடியில் நிற்பாள். நிர்வாகம் இதற்கு ஒழுங்கு என்று பேர் வைத்திருந்தது. நாம் வைக்கும் பேர் வேறு.

1931இல் ரப்பர் விலை விழுந்தது. ஆட்களைக் கழித்தார்கள். அவள் புருஷன் ஐயாசாமியைக் கங்காணி கூப்பிட்டுக் கேட்டான்: “கப்பலேறி ஊருக்குப் போறியா, பாதி வேலைக்கு இங்கயே கெடக்கிறியா?”

அங்கம்மாவுக்கு அப்போது ஏழாம் மாதம். ஐயாசாமி மூன்றாவதாக ஒரு வழி தேடினான். பெக்கான் நானாஸ் என்ற ஊரில் ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, இருந்தார். தன் அன்னாசிக் காட்டை ஒட்டிய புதரை வெட்டித் திருத்திக் கொடுத்தால், ஓரத்தில் வீடு போட்டுக்கொள்ளலாம் என்றார்.

“பெரட்டு உண்டா?” அங்கம்மா கேட்டது இது ஒன்றுதான்.

“மணியே கெடையாது புள்ள. கோழி கூவினா எந்திரிக்க வேண்டியதுதான்.”

“கோழி இருக்கா?”

“இனிமேதான் வாங்கணும்.”

“அப்ப கொஞ்ச நாளைக்குத் தூங்கலாம்,” என்றாள். வயிற்றில் இருக்கும் பிள்ளை தன் சொந்தக் கூரையின் கீழ்தான் பிறக்கும் என்று அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

அன்னாசி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரியில் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே வாய்க்காலைப் பாரிட் என்பார்கள். பாரிட்டுக்கு அக்கரையில் ஜாவாக்காரர் பாக் சாரிப் இருந்தார். மரக்கால்களின் மேல் நின்ற வீடு அவருடையது. கம்பு நட, அத்தாப்பு ஓலைக் கூரை வேய அவரும் கை கொடுத்தார். எங்களைப் போல உயர்த்திக் கட்டு என்று சொல்லியும் பார்த்தார். அங்கம்மா கேட்கவில்லை. “நம்ம வீடுன்னா காலு மண்ணுல படணும்,” என்றாள்.

வீடு முடிந்ததும் பால் காய்ச்ச வேண்டும். பாக் சாரிப் அன்று பொந்தியான் சந்தைக்குப் போயிருந்தார். வீட்டு மூலையில் ஐயாசாமி தரையைத் தோண்டினான். மண்வெட்டி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. கறுப்பு மண், நல்ல மண் என்று சந்தோஷப்பட்டான். மூன்று கல் வைத்தார்கள். பசும்பாலுக்கு அங்கே வழியில்லை. அங்கம்மா டின் பாலைத் தண்ணீரில் கரைத்தாள்.

“டின் பால் பொங்குமா?”

“பொங்கும். இல்லேன்னா ஊதிப் பொங்க வைக்கிறேன்.”

“ஊது, ஊது. ஒம் மூஞ்சிலதான் பொங்கும்.”

பால் பொங்கியது. ராஜம்மா கைதட்டினாள். ஐயாசாமி அடுப்பை அணைக்கத் தண்ணீர் எடுத்தபோது அங்கம்மா குடத்தைப் பிடித்துக்கொண்டாள். “புது வீட்டு மொத நெருப்புங்க. தண்ணி ஊத்தி அணைக்கக் கூடாது. அதுவா தூங்கட்டும்.” தணலைச் சாம்பலால் மூடினாள்.

மூடநம்பிக்கை என்று சிரிக்க ஆட்கள் வருவார்கள். வரட்டும். கூலாய்ச் செம்மண்ணில் அவள் ஆயிரம் தடவை அப்படித்தான் தணலை மூடியிருக்கிறாள். ஒரு கேடும் வந்ததில்லை. இந்த நிலத்தைக் காட்டிய தவுக்கே, தரை எப்படிப்பட்டது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சில நாள் கழித்து ராஜம்மா சொன்னாள்: “அம்மா, தரை சுடுது.”

“வெயில் காலம்டி,” என்றாள் அங்கம்மா.

பிறகு மூலைக் கம்பின் அடியிலிருந்து வெள்ளையாய்ப் புகை கசிந்தது. தண்ணீர் ஊற்றினார்கள். புகை இரண்டு முழம் தள்ளி வேறு இடத்தில் வந்தது.

ஐயாசாமி ஓடிப்போய் பாக் சாரிப்பைக் கூட்டி வந்தான். அவர் அடுப்பைப் பார்த்தார். “அலமாக்!” என்று தலையில் கை வைத்தார். வீட்டுக்கு வெளியே ஒரு நீளக் கமுகங்கழியை மண்ணில் குத்தினார். கழி போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. கெட்டித் தரை தட்டியபோது எடுத்து அளந்தார்கள். பதினோரு அடி. அத்தனையும் மண் அல்ல. மட்கிப்போன வேரும் இலையும் மரமும்.

“தரையே எரியுமாம் புள்ள,” என்றான் ஐயாசாமி. “நாம வெறகு மேல வீடு கட்டியிருக்கோம்.”

பாரிட்டிலிருந்து கால் வெட்டித் தண்ணீர் திருப்பினார்கள். நெருப்பு கீழே கீழே நகர்ந்தது. மூலைக் கம்பு அடியில் கரிந்து வீடு ஒரு பக்கம் சாய்ந்தது. அங்கம்மாவுக்கு மாதம் நிறைந்துவிட்டது. ஐயாசாமி மூட்டை கட்டினான்.

“கங்காணி கால்ல விழுறேன். லயத்துல ஒரு மூலை குடுப்பான்.”

“விழுங்க. நான் வரல.”

“எங்க பெத்துக்குவ? இந்த அடுப்பு மேலயா?”

“ரெண்டு புள்ளையக் குடுத்தாச்சுங்க அந்த லயத்துக்கு. இன்னொண்ணு கேக்காதீங்க.”

அவன் மூட்டையைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தான். அங்கம்மாதான் எழுந்து வாய்க்கால் கரையைக் காட்டினாள். பாரிட் வெட்டியபோது அடியிலிருந்து வாரிப் போட்ட களிமண் அங்கே மேடாகக் கிடந்தது. “அது மண்ணுதானே? குத்திப் பாருங்க.”

குத்திப் பார்த்தார்கள். கழி இறங்கவில்லை.

வீடு விழுமுன் ஆண்கள் இருவரும் கூரையைப் பிரித்துக் கரைக்குத் தூக்கினார்கள். நாலு கம்பு, மேலே அத்தாப்பு, சுற்றிலும் சுவர் இல்லை. அங்கம்மாவின் சேலையையும் சாரிப் மனைவியின் சாரத்தையும் கட்டி மறைத்தார்கள். அதற்குள்தான் பெண் குழந்தை பிறந்தது. எதிரே பழைய வீட்டு மண் புகைந்துகொண்டிருந்தது. பச்சைப் பிள்ளை இருமியபோதெல்லாம் அங்கம்மா ஈரத்துணியால் காற்றை மறைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆனால் எந்த மணியும் அவளை எழுப்பவில்லை.

வருஷக் கடைசி மழையில்தான் அந்த நெருப்பு செத்தது. வீடு நின்ற இடம் குழியாகிவிட்டது. அதன்பின் எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கம்மா உட்காருமுன் உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்ப்பாள். யார் கேலி செய்தாலும் விடமாட்டாள்.

கரையில் சுவர் எழுந்த பிறகு மறுபடி பால் காய்ச்சினாள். பலகைப் பெட்டிக்குக் கால் வைத்து, அதில் களிமண் அறைந்து, அதன்மேல் அடுப்பு. பிள்ளையை இடுப்பில் வைத்து நின்றபடி காய்ச்சினாள். பொங்கியதும் அவளே தண்ணீர் ஊற்றி அணைத்தாள்.

தரையிலிருந்து அடுப்பின் உயரம் மூன்று அடி.