ஃபெலிசாவின் கிலோமீட்டர்

ஃபெலிசா கொர்தேரோவுக்கு வயது அறுபத்தொன்று. அவள் பேசும் பாஸ்க் மொழிக்கு வயது நான்கு.

ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் நாட்டு ஊரான லெகாஸ்பிக்கு இரும்பாலை வேலை தேடி வந்த அப்பாவின் தோளில் கைக்குழந்தையாக வந்திறங்கியவள். தெற்கத்திக் குடும்பம், வீட்டில் ஸ்பானிஷ்தான். இன்று சந்தையில் மீன்கடை வைத்திருக்கிறாள். வரிசையில் நிற்பவர்கள் தங்களுக்குள் பாஸ்கில் வம்பளப்பார்கள். முறை வந்து ஃபெலிசாவின் பக்கம் முகம் திரும்பும்போதே மொழியும் ஸ்பானிஷுக்குத் திரும்பிவிடும். நான்கு வருடமாக மாலைப் பள்ளியில் படித்ததை வைத்து அவள் பாஸ்கில் பதில் சொன்னாலும் விடமாட்டார்கள். சிரமப்படாதே என்பார்கள், அதையும் ஸ்பானிஷில். அன்பாகத்தான். அந்த அன்பிலிருந்து வெளியே வர அவளுக்கு வழி தெரியவில்லை.

ஊர் எப்படியோ போகட்டும், ஹொஷெபியாவது பேசக்கூடாதா? பள்ளிக்கூட நாள் முதல் சிநேகிதி, பண்ணைவீட்டில் பாஸ்கிலேயே வளர்ந்தவள். ஃபெலிசாவோடு பழகிய முதல் நாளே ஸ்பானிஷில் தொடங்கியது, அப்படியே நின்றுவிட்டது. கேட்டுப் பார்த்தாள். ஹொஷெபியும் முயன்றாள். நாத்தனாரைப் பற்றிப் பேச்சு வந்ததும் ஸ்பானிஷுக்கு வழுக்கிவிட்டது. “உன் மூஞ்சியப் பாத்தா அதுதாண்டி வாயில வருது” என்றாள்.

இந்த வசந்தத்தில் கொரிக்கா ஊருக்குள் வந்தது. பாஸ்க் மொழிக்காக இரவு பகல் நிற்காமல், ஒரு கோலைக் கைமாற்றிக்கொண்டே நாடு முழுக்க ஓடும் ஓட்டம். ஒவ்வொரு கிலோமீட்டரையும் யாராவது பணம் கட்டி எடுத்துக் கோலேந்தி ஓடலாம்; சிநேகிதிகள் சேர்ந்து பாலத்தடிக் கிலோமீட்டரை எடுத்தார்கள். கோலை ஃபெலிசாதான் ஏந்த வேண்டும் என்று முடிவானது. ஏந்துகிறேன், அன்று முதல் ஹொஷெபி என்னிடம் பாஸ்கில் மட்டும் பேச வேண்டும் என்றாள் ஃபெலிசா. எல்லோரும் கைதட்ட, ஹொஷெபி சத்தியம் செய்தாள்.

ஓட்டத்தன்று மழை. முன்னால் ஒலிபெருக்கி வண்டி, பின்னால் ஊரே. நிற்கவோ ஒதுங்கவோ முடியாது. ஃபெலிசாவுக்கு மூச்சு இரைத்தது. பக்கத்தில் ஓடிய ஹொஷெபி ஸ்பானிஷில், “மெதுவாடி, மூச்ச விடு” என்றாள்.

“சத்தியம் பண்ணினியே” என்றாள் ஃபெலிசா, பாஸ்கில்.

“ஓடுறப்ப அதெல்லாம் கணக்கில்லடி.” இதுவும் ஸ்பானிஷ்.

சுற்றி ஓடியவர்கள் சிரித்தார்கள். எதிரே கேமராக்கள். ஃபெலிசாவும் சிரித்துவைத்தாள். அடுத்தவரிடம் கோலைக் கொடுத்துவிட்டு, யாரோடும் மதுக்கடைக்குப் போகாமல் வீட்டுக்கு நடந்தாள்.

திங்கட்கிழமை ஹொஷெபி கடைக்கு வந்தாள். எல்லோர் முன்னிலும் பாஸ்கில் நெத்திலி கேட்டாள். தலை கிள்ள வேண்டுமா என்று ஃபெலிசா பாஸ்கில் கேட்டாள். வேண்டும். நன்றி. நல்லது. முன்பின் பார்த்திராத இரண்டு பேர் பேசிக்கொள்வதைப் போல இருந்தது. ஃபெலிசா கேட்டது கிடைத்துவிட்டது.

பையோடு வாசல்வரை போன ஹொஷெபி திரும்பி வந்து, கண்ணாடிப் பெட்டிமேல் குனிந்தாள். தன் புருஷன் பிஷெந்தேவைப் பற்றி, தாழ்ந்த குரலில், ஸ்பானிஷில் சொன்னாள்:

“பிஷெந்தேவுக்கு நுரையீரல்ல ஏதோ நிழலாத் தெரியுதாம். வியாழக்கிழம தொனோஸ்தியா டவுன் பெரியாஸ்பத்திரிக்கு வரச் சொல்லிட்டாங்க. பயமா இருக்குடி.”

நுரையீரல், நிழல், பயம் எல்லாவற்றுக்கும் ஃபெலிசாவிடம் பாஸ்க் சொல் இருந்தது. அவள் ஸ்பானிஷில் கேட்டாள்: “ஏன்டி முன்னாடியே சொல்லல?”

“அன்னிக்கு ஓட்டம் முடிஞ்சதும் சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ மூஞ்சியத் தூக்கி வச்சிட்டுப் போயிட்ட.”

வியாழக்கிழமை மீன்கடை திறக்காது. ஃபெலிசாதான் காரில் அவர்களை அழைத்துப் போகிறாள்.